மூன்றாம் வெர்ஷனைப் பார்த்துக்கொண்டவர்

எஸ்தர் மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் குத்தாலத்தில் ஒரு டீலர் கடையில் உட்கார்ந்து, எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் ஐந்தாம் வெர்ஷன் பெருமைகளை அளந்துகொண்டிருந்தேன். முதலாளி சேகர் போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே எத்தனை பெட்டி போயிற்று என்று கேட்கிறவர், அன்று என் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு, "மேடம் போயிட்டாங்க செல்வம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். டீலர் கொடுத்த டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தோன்றாமல் கையில் பிடித்தபடியே பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டேன். பஸ் வந்த பிறகுதான் கிளாஸ் கையில் இருப்பது தெரிந்தது.

கும்பகோணம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதற்கு முந்தைய வாரம் எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. மூன்றாம் வெர்ஷனை இந்தச் சம்பாவோடு கைகழுவிவிட வேண்டும் என்று நான். ஒரே ஒரு பெட்டி ஓடினாலும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று அவர். பேச்சு முற்றியதும் நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். எப்படியும் மறுபடி ஆரம்பிப்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எந்தச் சண்டையையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை எஸ்தர். இந்த ஒன்றை மட்டும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படிக்கப் போகும் டீலர்கள், எலக்ட்ரீஷியன்கள் பலருக்கும் அவரைக் குரலாகத்தான் தெரியும். "சிவப்பு லைட் எரியுதா, அணைஞ்சு அணைஞ்சு எரியுதா? போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்கிற குரல். நேரில் பார்த்தால் குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் எப்போதும் ஒரு டப்பா வறுகடலை. மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன் குடும்பம். அப்பா தச்சர். தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் நல்ல கம்பெனியில் இருந்துவிட்டு, படுக்கையில் விழுந்த தாயாருக்காகத் திரும்பி வந்தவர். தாயார் காலமான பிறகும் அவர் சென்னைக்குப் போகவில்லை. அதற்குள் எங்கள் பழைய பெட்டிகள் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வெளியாட்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் செய்வது மோட்டார் கொட்டகையில் மாட்டும் மொபைல் ஸ்டார்ட்டர். உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் வயலில் மோட்டார் ஓடும். 'ஆட்டோ'வில் போட்டுவிட்டால் அதுவும் வேண்டாம். வயலுக்கு ஷிப்ட் முறையில் வரும் மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடும், போனதும் நின்றுவிடும். இந்த ஆட்டோவை எழுதியவன் அடியேன். கரண்டுக்காகக் கொட்டகையில் காத்துக் கிடந்தவர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது என்னால்தான் என்று கல்யாண வீடுகளில்கூட அவிழ்த்துவிடுவேன். பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமுக்கு அவ்வப்போது புது வெர்ஷன் வரும். பழைய பெட்டி புதியதைத் தாங்காது. தாங்கினாலும் விவசாயி விடமாட்டார். நாற்றங்கால் போட்டதிலிருந்து அறுப்பு முடியும்வரை ஓடுகிற பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது டெல்டாவில் டீலர்கள் போட்டுக்கொண்ட எழுதாத சட்டம். அதனால் பழைய வெர்ஷன்களும் புதியதும் ஒரே சமயத்தில் வயல்களில் ஓடிக்கொண்டிருக்கும். புதியதை நான் எழுதுவேன். அதில் கண்டுபிடித்த பிழை பழையவற்றிலும் இருக்கிறதா, இருந்தால் அங்கேயும் திருத்தியாயிற்றா என்று பார்ப்பது எஸ்தரின் வேலை.

அவர் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஏதோ ஒரு பிழையைத் திருத்திவிட்டு, ஊரையே காப்பாற்றிய தோரணையில் அவர் மேசைக்குப் போய், "மேடம், சரி பண்ணியாச்சு" என்றேன்.

"எந்தப் பெட்டியில?"

"புதுசுல."

"அப்ப சரி பண்ணலன்னு சொல்லுங்க சார். ஆரம்பிச்சிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து பல வருடம் அந்த 'எந்தப் பெட்டியில'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. ஆபீசில் யாராவது சாப்பிட்டாயிற்று என்றால்கூட 'எந்தப் பெட்டியில?' என்று கேட்டுக் கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் மறுபடி அதையேதான் கேட்பார்.

ஒவ்வொரு பிழைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. அதற்கு எதிரே ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் மூன்றில் ஒன்றுதான் எழுதலாம்: திருத்தியாயிற்று, பொருந்தாது, திருத்தப்போவதில்லை. கடைசியை எழுதினால் காரணமும் எழுத வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பிழை முடிந்ததாகக் கணக்கில்லை. "பழசுல இந்தப் பிரச்சினை இல்ல மேடம், அதான் காலியா விட்டேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "காலியா இருந்தா இல்லைன்னு அர்த்தமில்ல சார். யாரும் பாக்கலன்னு அர்த்தம்" என்றார். புது வெர்ஷனை நடவுக்கு முன் கடைகளுக்கு அனுப்ப நான் துடித்துக்கொண்டிருக்கும்போது, இந்தம்மா காலிக் கட்டத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு போய் நிரப்புவேன்.

திருத்தக் கூடாது என்று அவரே அடம்பிடித்த பிழையும் உண்டு. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரின் இரண்டாம் வெர்ஷன் பெட்டி, கரண்டு வந்ததைச் சொல்ல அவருக்கு இரண்டு தடவை போன் அடிக்கும். ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். கால் மணி நேர வேலை, நானே முடித்துவிடுகிறேன் என்றேன். எஸ்தர் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "வேணாம்மா, விட்டுடுங்க. மொத தடவ அடிக்கிறப்ப எனக்கு முழிப்பு வரும், ரெண்டாவது தடவைக்குத்தான் போனு எங்கருக்குன்னு தெரியும்" என்றார் அவர். எஸ்தர் கட்டத்தில் எழுதினார்: திருத்தப்போவதில்லை, அவருக்கு வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டு ஒரு கை கடலையை என் பக்கம் தள்ளினார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த வைகாசி நாளைச் சொல்லாமல் விட்டால் இது முகஸ்துதி ஆகிவிடும். சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. சேகர் இதை எழுதலாம் என்று சொல்லிவிட்டார். எஸ்தர் உயிரோடு இருந்திருந்தால் எழுதச் சொல்லி அவரே கேட்டிருப்பார்.

பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அதை அமுக்கினால் மோட்டார் நிற்கும். ஆட்டோவில் இருந்தாலும், மறுபடி பச்சையை அமுக்கும்வரை ஓடக் கூடாது. ஆனால் கரண்டு போய் வந்தால் பெட்டி இதை மறந்துவிட்டுத் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் என்ற பிழை ஒன்று இருந்தது. நான்காம் வெர்ஷனில் அதைப் பிடித்துத் திருத்தினோம். எஸ்தர் அதே திருத்தத்தை மூன்றாம் வெர்ஷனுக்கும் கொண்டுபோய், சோதித்துப் பார்த்து, கட்டத்தில் 'திருத்தியாயிற்று' என்று போட்டார். சிம் வழியாக அது எல்லாப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு சம்பாவும் அறுப்பும் கடந்தன. எல்லாரும் அதை மறந்தோம்.

அன்று காலை, ரிப்பேருக்கு வந்த ஒரு மூன்றாம் வெர்ஷன் பெட்டியை நான் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பை அமுக்கிய கையோடு மெயினை அணைத்தேன். திரும்பப் போட்டேன். சற்று நேரத்தில் உள்ளே 'டக்' என்றது. மோட்டாருக்குக் கரண்டு போகும்போது வரும் சத்தம். ஹாலின் அந்தக் கோடியில் இருந்த எஸ்தர் தலையைத் தூக்கினார்.

"பச்சையை அமுக்குனீங்களா?"

"இல்ல மேடம்."

"ஆட்டோவுலயா இருக்கு?"

"ஆமா."

எழுந்து வந்து தானே செய்து பார்த்தார். சிவப்பை அமுக்கிக் கொஞ்சம் காத்திருந்து மெயினை அணைத்தால் பெட்டி ஒழுங்காக இருந்தது. அமுக்கிய உடனே அணைத்தால், கரண்டு வந்ததும் டக். நாங்கள் முன்பு சோதித்தபோது ஒவ்வொரு முறையும் காத்திருந்திருக்கிறோம். எஸ்தர் தன் இடத்துக்குப் போய் எதையோ தேடித் திறந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'கரண்டு போய் வந்தால் கடிகாரம் பின்னால் போகிறது' என்று நான்காம் வெர்ஷனில் ஒரு சின்னப் பிழை. அதற்கு நான் செய்த வைத்தியம், பெட்டி எதையும் தள்ளிப் போடாமல் உடனுக்குடன் நிரந்தர நினைவில் எழுதிக்கொள்ள வைத்தது. சிவப்புப் பட்டன் திருத்தம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வெர்ஷன் பெட்டியில் கடிகாரமே கிடையாது. ஆகவே அதன் கட்டத்தில் எஸ்தர் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தார். அதனால் மூன்றாம் வெர்ஷன் பெட்டி, சிவப்பை அமுக்கியதை எழுதிக்கொள்வதற்குள் கரண்டு போனால் மறந்துவிட்டது.

"தலைப்பைப் படிச்சேன் சார். உள்ள படிக்கல" என்றார். திரையில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இது நான் போட்டது."

அமுக்கிய கையோடு கரண்டு போவது எங்கோ நடக்கிற விஷயம், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். எஸ்தர் என்னை முறைத்தார். "நீங்க வயல்ல யாரையும் பாத்ததே இல்லையா? ஷிப்ட் முடியுற வரைக்கும் தண்ணி எறைச்சுட்டு, கரண்டு போகப் போகுதுன்னு தெரிஞ்சுதான் போயி அமுக்குவாங்க. கரண்டு இல்லைன்னு தைரியமா அப்புறம் ஒயர்ல கை வைப்பாங்க." அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பட்டனை அமுக்குவதே அப்படித்தான். மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு வேலை செய்த ஆட்கள், எங்கள் சிவப்புப் பட்டன் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். பட்டனை நம்புங்கள் என்று சொல்லி விற்றதும் நாங்கள்தான்.

சேகர் அறைக்குள்ளிருந்து வந்தார். அதற்குள் எஸ்தர் டீலர்கள் குழுவுக்கு ஒரு செய்தி எழுதியிருந்தார்: 'மூன்றாம் வெர்ஷனில் சிவப்புப் பட்டனை நம்ப வேண்டாம். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிய பிறகே ஒயரைத் தொடவும். திருத்தத்தில் தவறு செய்தது நான். எஸ்தர்.' சேகர் அதைப் படித்துவிட்டு, "மேடம், மொத ஒரு அப்டேட் வருதுன்னு மட்டும் போடுவோம். இப்படிப் போட்டா கம்பெனி பேரு என்னாகும்?" என்றார். நியாயமான கேள்விதான். நாற்பது குடும்பம் அதில் சாப்பிடுகிறது.

"அப்டேட் வருதுன்னா யாரும் ஃபியூஸைப் பிடுங்க மாட்டாங்க சார்" என்றார் எஸ்தர். சேகர் பதில் யோசிப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

பிறகு எல்லாரும் போனில் உட்கார்ந்தோம். மூன்றாம் வெர்ஷன் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளில் எல்லாம் எஸ்தர் இங்கிருந்தே ஆட்டோவை எடுத்துவிட்டார். மதியத்துக்குள் அநேகமாக முடிந்துவிட்டது. வலங்கைமானைத் தாண்டி ஒரு கிராமத்தில் பக்கிரிசாமி என்ற விவசாயி மட்டும் கிடைக்கவில்லை. போன் அணைந்திருந்தது. அவருடைய டீலர் ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். அவரைப் பிடித்துக் கேட்டபோது, "பக்கிரிசாமியா? குழாய்ல ஓட்டை விழுந்து தண்ணி பாதிதான் வருதுன்னாரு. இன்னிக்கு மோட்டாரை வெளியில தூக்குறாங்க மேடம். கரண்டு போனதும் ஆரம்பிக்கிறேன்னு சவரிமுத்து சொன்னான்" என்றார்.

சவரிமுத்து யார் என்று கேட்டோம். மோட்டார் தூக்கி ஒயர் ஜாயிண்ட் போடுகிற எலக்ட்ரீஷியனாம். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே கரண்டு இல்லாததால் பெட்டியும் செத்துக் கிடந்தது. "கரண்டு வந்ததும் ஆட்டோவை எடுக்கச் சொல்லி மெசேஜ் போகுமே?" என்று சேகர் கேட்டார். "மெசேஜ் வாங்க அது சிக்னல் பிடிக்கணும். அதுக்கு முன்னாடியே மோட்டாரைப் போட்டுடும்" என்று நான் சொன்னேன். சிக்னலுக்குக் காத்திருக்காமல் சட்டென்று ஓடுவதுதான் என் ஆட்டோவின் சிறப்பு என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தோம். அடுத்த ஷிப்ட் எப்போது வரும் என்று மின் அலுவலகத்தில் கேட்க சேகர் போனைச் சுழற்றினார், லைன் கிடைக்கவில்லை. எஸ்தர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க செல்வம்" என்றார். அவர் என்னை 'சார்' போடாமல் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

ஆபீஸ் கார் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தது. என் மோட்டார் சைக்கிளில் போனோம். ஊர் எல்லை தாண்டும்வரை அவர் பின்னால் உட்கார்ந்து சவரிமுத்துவின் நம்பரையே அடித்துக்கொண்டு வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஒரு டீக்கடையில் ஃபேன் ஓடுவதைப் பார்த்து, "கரண்டு வந்துடுச்சு மேடம்" என்றேன். "அது வீட்டுக் கரண்டு, அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வயலைப் பாருங்க" என்றார் எஸ்தர். பிறகு இருவரும் வயலையே பார்த்துக்கொண்டு போனோம். அங்கங்கே குறுவை நாற்றங்கால் பச்சையாகத் தெரிந்தது. போர் குழாய்கள் வாயைத் திறந்தபடி காய்ந்து நின்றன. ஒவ்வொரு குழாயும் காய்ந்திருக்கக் கண்டு நான் சாமியைக் கும்பிட்டேன். தண்ணீர் வரக் கூடாது என்று டெல்டாவில் வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வலங்கைமான் தாண்டிக் கிராமச் சாலையில் திரும்பியதும் வலது பக்கம் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தரின் விரல்கள் என் தோளில் அழுந்தின. "இது வேற லைனா இருக்கும்" என்றேன். அவர் என்னென்னவோ வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெபம் செய்கிறார் என்று புரிந்தது. நான் வண்டியை வரப்பிலேயே ஏற்றினேன்.

கொட்டகை தெரிந்தது. கம்பம் நட்டு, சங்கிலி போட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மோட்டார் சேற்றோடு தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் சம்மணமிட்டு ஓர் ஆள், கேபிளின் உறையைச் சீவிவிட்டு, பளபளவென்று தெரிந்த செம்புக் கம்பிகளை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். கேபிளின் மறுமுனை கொட்டகைக்குள் எங்கள் பெட்டிக்குப் போயிருந்தது. நான் கத்த வாயெடுத்தேன். "கத்தாதீங்க, திரும்பிக் கேள்வி கேட்டுக்கிட்டு நிப்பாரு" என்று சொல்லிவிட்டு எஸ்தர் இறங்கி ஓடினார். அந்த வயதில், புடவையோடு, அவ்வளவு வேகமாக ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய் மெயின் போர்டிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பக்கிரிசாமி பின்னாலேயே ஓடி வந்தார். "யாரும்மா நீங்க? கேக்காம கொள்ளாம கொட்டகையில பூந்து என்ன பண்றீங்க?"

"ஐயா, நான் பெட்டி கம்பெனிலேருந்து வர்றேன்."

"ஓடுற பெட்டியில கை வைக்கக் கூடாதுன்னு ஒங்க டீலரே சொல்லியிருக்காரு. அதான் செவப்பு பட்டன அமுக்கியிருக்குல்ல? நான்தான் அமுக்குனேன். அமுக்குறேன், கரண்டும் போவுது, ரெண்டும் ஒண்ணா."

எஸ்தர் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பட்டனை நம்பாதீங்கய்யா. தப்பு என்னோடது" என்றார். பக்கிரிசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதை போய் வாடி போடி என்று வந்துவிடுமோ என்று நான் நடுவில் புகுந்து விளக்க ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வயல் குழாய் இருமியது. அதன் வழியே தண்ணீர் பாய்ந்து வந்து தொட்டியில் விழுந்தது. அங்கே இருந்த எல்லாரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். சவரிமுத்து மட்டும் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

எஸ்தர் அதோடு விடவில்லை. கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றச் சொன்னார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஃபியூஸ் கட்டைகளை மாட்டினார். சிவப்புப் பட்டனை யாரும் தொடவில்லை, பச்சையையும் தொடவில்லை. பெட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் டக் என்றது. பக்கிரிசாமி கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து போய், அந்தத் தொட்டித் தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பும்போது வலங்கைமானில் ஒரு கடையில் நிறுத்தி எஸ்தருக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே, "இன்னும் எத்தனை 'பொருந்தாது' தலைப்பை மட்டும் படிச்சுட்டு எழுதினேனோ தெரியல செல்வம்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் முதல் அவர் செய்த வேலையை ஆபீசில் எல்லாரும் பார்த்தோம். தான் எழுதிய ஒவ்வொரு 'பொருந்தாது'வையும் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு வரியையும் படித்தார். மழைக்காலம் வரை அது ஓடியது. இன்னும் சில தவறுகள் கிடைத்தன, சிறியவை. ஒவ்வொன்றையும் டீலர்கள் குழுவில் தன் பெயரோடு போட்டார். கம்பெனி பெயர் கெடும் என்று பயந்த சேகர், சில டீலர்கள் விலகியபோது அவரிடம் கோபித்துக்கொண்டார். இரண்டு நடவுக் காலம் எங்களுக்கு வியாபாரம் மந்தம்தான், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் எரிச்சலில், "ஒரு தப்புக்கு இவ்வளவு நாளா மேடம்?" என்று கேட்டேன். "புது வெர்ஷன் வாங்குறவங்க நம்மகிட்ட வந்து சண்டை போடுவாங்க. பழசு வச்சிருக்கறவங்க நம்மள நம்பிட்டு அவங்க வேலையைப் பாத்துட்டு இருப்பாங்க. அவங்களுக்காக நாமதான் நம்மகிட்ட சண்டை போடணும்" என்றார். அப்போது எனக்கு இது பெரிய பேச்சாகப் பட்டது. உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அவரை மயிலாடுதுறையில் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். போகும் வழியில் காரில் சேகர் என்னிடம், "மூணாவது வெர்ஷன் இன்னும் ஒரு கை எண்ணுற அளவுதான் ஓடுது. அது மேடத்துக்குத்தான் புரியும். இந்த அறுப்போட நிறுத்திடலாம், என்ன சொல்றீங்க?" என்றார். நான் முந்தின வாரம் மேடத்திடம் கத்திக் கேட்டதும் இதைத்தான். தலையை ஆட்டினேன். சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்பதுபோல ஒரு நினைப்பு வந்து, உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

போதகர் ஜெபித்து முடித்த பிறகு வரிசையில் ஒவ்வொருவராக மண் போட்டோம். எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பினார். சவரிமுத்து. கொஞ்சம் நரைத்திருந்தார். வலங்கைமானிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மேடம் போன் செய்வாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தானே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாராம். இது எங்களில் யாருக்கும் தெரியாது.

"பழைய பொட்டியெல்லாம் இனிமே யாரு சார் பாப்பாங்க?" என்று கேட்டார்.

சேகர் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் சவரிமுத்துவின் கையைப் பார்த்தேன், மண் ஒட்டியிருந்தது.

"நான் பாக்குறேன்" என்றேன். சேகர் தலையை ஆட்டினார்.

இன்று காலை எஸ்தரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தாம் வெர்ஷனுக்கு நான் கடைசியாகச் செய்த திருத்தத்தைத் திறந்தேன். மழை நாளில் சென்சார் தவறாகக் காட்டுவது பற்றிய ஒன்று. மூன்றாம் வெர்ஷனில் அந்தச் சென்சாரே இல்லை. 'பொருந்தாது' என்று அடித்தும்விட்டேன். அடித்த பிறகு கை ஓடவில்லை. அதை அழித்துவிட்டு உள்ளே போய் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான் எழுதியதுதான், இருந்தும் இப்படிப் படித்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஓரிடத்தில் நின்றேன். பொருந்துகிறது. பிழைக்குக் காரணமான வரி சென்சாரைப் பற்றியதே இல்லை, அது மூன்றாம் வெர்ஷனிலும் அப்படியே இருக்கிறது.

எஸ்தர் மேடத்திடமிருந்து என்ன வைத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், அவருடைய பயத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதை முடித்துவிட்டு, மூன்றாம் வெர்ஷன் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடப் போகிறேன்.